கரை அவர்களுக்குக் களம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர், ராமேசுவரம், கன்னியாகுமரி. கோயிலுக்குப் போகிறோம், கடலில் முங்கி எழுகிறோம், சங்கும் சோழியும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுகிறோம். நான் புஞ்சைப் புளியம்பட்டியில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். மீன் என்றால் பவானிசாகர் அணை மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி. கடலிலிருந்து எங்கள் அடுப்புக்கு வந்து சேர்ந்ததெல்லாம் கருவாடு.

ஆனால் கருவாட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாழக்கிழமைச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவர்கூடத் திரும்பும்போது கால் கிலோ நெத்திலி கட்டிக்கொண்டுதான் போவார். வாளையை வளைத்துப் பார்ப்போம். நெத்திலியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்ப்போம். வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் போட்டு அலசி, அடியில் எவ்வளவு மண் தங்குகிறது என்று பார்ப்போம். மண் அதிகமென்றால் அடுத்த வாரம் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த மண் எந்தக் கரையினுடையது, அந்த மீனைக் காயப்போட்ட கை யாருடையது என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

என் சின்ன மாமனார் அந்தச் சந்தையில்தான் கருவாட்டுக் கடை போடுகிறார். ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில் சில ஊர்களோடு அவருக்குப் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. "அடுத்த தடவை நானும் வர்றேனுங்க மாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஆடியில் அவரே கூப்பிட்டார். "அம்மிணி, இப்பத்தான் அங்க கரை நல்லாக் காஞ்சு கெடக்கும். பாக்கோணும் பாக்கோணும்னு சொல்லீட்டே இருந்தீல்ல, கெளம்பு."

அவருடைய பிக்கப் வண்டியில் கிளம்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. மதுரையிலிருந்து சிவகங்கை வழியாகத் தொண்டிக்குப் போகிற சாலை, கொச்சியில் தொடங்கி மூணாறு மலையேறி இறங்கி வருகிற அதே தேசிய நெடுஞ்சாலை 85. தொண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினோம். தேவிப்பட்டினம் வருவதற்கு முன்னாலேயே ஓரிடத்தில் இடதுபக்கம் பிரிந்து, சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒரு சின்னத் தார்ச்சாலை போகிறது. அதன் முடிவில் ஊர். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. காரணம் கீழே வருகிறது.

அங்கே துறைமுகம் இல்லை. படகு அணைகிற பாலமும் இல்லை. லாட்ஜ் இல்லை, ஓட்டல் இல்லை. ஒரு ரேஷன் கடை, ஒரு மளிகைக்கடை, ஐஸ் பெட்டிகள் அடுக்கிய ஒரு கொட்டகை, அம்மன் கோயில், ஓட்டு வீடுகளும் காங்கிரீட் வீடுகளும் கலந்த இரண்டு தெரு. மாமா கருவாடு எடுக்கிற வீட்டில்தான் தங்கினோம். அந்த வீட்டு அக்காவுக்கு நான் ஈரோட்டு விரலி மஞ்சளும் நிலக்கடலையும் கொண்டுபோயிருந்தேன். மஞ்சளை ஒரு துண்டு ஒடித்துப் பார்த்துவிட்டு, "மீன் கழுவுற வீட்டுக்கு இதவிட என்னத்தா வேணும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

குடிக்கக் கொடுத்த தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. கேட்டேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் என்றார்கள். திருச்சிப் பக்கத்தில் காவிரியில் எடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் குழாயில் கொண்டுபோகிற திட்டம். எங்கள் பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்துதானே திருச்சிக்குப் போகிறது. "அப்போ இது எங்க தண்ணியும்தானுங்கக்கா" என்றேன். "உங்க தண்ணி நெதம் வராது, விட்டு விட்டுத்தான் வரும்" என்று வாசலில் வரிசையாக நிற்கிற பிளாஸ்டிக் குடங்களைக் காட்டினார். ஊரின் மற்ற எல்லாக் கஷ்டத்தையும்விட அந்தப் பெண்களுக்கு இதுதான் பெரிது. கெடாத கிராமம் என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எளிதாகச் சொல்லிவிடலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறவரிடம் அந்தச் சொல் எடுபடாது.

விடிவதற்கு முன்பே அக்கா எழுப்பினார். வத்தைகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கத்துச் சின்ன நாட்டுப்படகுதான் வத்தை. அது கரைக்கு வந்து முட்டுவதில்லை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். நாம் நிற்கிற இடத்திலிருந்து வெகுதூரம் வரைக்கும் முழங்கால் தண்ணீர்தான். படகைத் தள்ளி நிறுத்திவிட்டு, வலையைத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஆட்கள் சேற்றில் நடந்து வருகிறார்கள். பெண்கள் பாதி வழிக்கு இறங்கிப் போய்க் கை மாற்றிக்கொள்கிறார்கள். ஆழத்தைப் பாகம் என்ற கணக்கில் சொல்கிறார்கள். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். ரெண்டு பாகத் தண்ணியில் வலை விட்டோம், மூணு பாகத்தில் விட்டோம் என்று பேச்சு.

அன்று வந்தது நண்டு வலை. சாயங்காலம் கொண்டுபோய்த் தரையோடு தரையாக விட்டுவிட்டு வந்து, விடியும் முன் எடுக்கிற வலை. வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு குவியலாகக் கொட்டி, சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். பாட்டி, மருமகள், பள்ளிக்கூடம் போவதற்கு முன் பிள்ளைகள், கடலுக்குப் போய்வந்த ஆள் என்று எல்லாரும்.

நீலக்கால் நண்டை அதற்கு முன் உயிரோடு நான் பார்த்ததில்லை. ஆண் நண்டுக்கு நல்ல நீலம். கொடுக்கு நீளமாக, ஓட்டின் மேல் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கிறது. பெண் நண்டு மங்கிய பச்சைப் பழுப்பு. கடைசிக் கால் இரண்டும் தட்டையாகத் துடுப்பு வடிவத்தில் இருக்கின்றன. அந்தத் துடுப்புக் காலின் அடியில் பின்பக்கமாகப் பிடித்தால் கொடுக்கு நம் விரலுக்கு எட்டாது. பிடித்தபடி வலை நரம்பை ஒவ்வொரு காலிலிருந்தும் சுற்றுக்கு எதிர்ப்பக்கமாக எடுத்துவர வேண்டும். இழுத்தால் கால் முறியும். கால் போன நண்டுக்கு விலை குறைவு. இழுக்காமல் விட்டுக்கொடுத்தால், நண்டே ஒரு உதறு உதறி ஒரு சுற்றைத் தளர்த்திக் கொடுக்கிறது. "என்னத்தா பாத்துக்கிட்டே இருக்க, கைய வையி" என்று அக்கா ஒன்றை என் கையில் கொடுத்தார். நான் ஒன்றை எடுக்கிற நேரத்தில் அவர் கூடையில் ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது. அவருடைய கண் வலையில் இல்லை. பேரன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு, விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

பிரிக்கும்போதே தரம் பிரிந்துவிடுகிறது. பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். ஓடு கழற்றிப் புது ஓடு இறுகாத நண்டு, அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிறது. அது வீட்டுக் குழம்புக்கு. வயிற்று மடிப்புக்குக் கீழே முட்டையைச் சுமந்துகொண்டிருக்கிற சினை நண்டும் வருகிறது. முட்டை முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பொரிக்கிற நாள் நெருங்க நெருங்கக் கறுத்துக்கொண்டே போகும். கறுத்த சினையோடு உயிராக இருந்த நண்டுகளை அந்த வீட்டுத் தாத்தா ஒரு வாளியில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய் விட்டுவிட்டு வந்தார். எல்லா வீட்டிலும் இதைச் செய்வதில்லை. "நான் செய்யிறேன், அம்புட்டுத்தான்" என்றார். கடல் அட்டை ஏறியிருந்தால் அதையும் அந்த வாளியில் போடுகிறார்கள். 2001லிருந்து அதைப் பிடிக்கவே தடை.

கொஞ்ச நேரத்தில் ஏஜென்ட் ஆள் தராசோடு வந்துவிட்டார். இந்த நண்டு பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் வெந்து, சதை பிரிந்து, ஐஸில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கிருந்து பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. முற்றத்தில் உட்கார்ந்து பிரிக்கிறவர்கள் தின்பது அந்த மெத்தென்ற நண்டையும், ஏஜென்ட் தள்ளிவிடுகிற சின்ன நண்டையும்தான்.

வெயில் ஏறியதும் கரையில் நடந்தேன். இந்தப் பதிவை எழுதவே உட்கார்ந்தது இந்த இடத்துக்காகத்தான்.

ஒரு நூறடிக்கு மணல் முழுக்கப் பழைய வலை விரித்து நெத்திலி காய்கிறது. அதற்கு அடுத்தாற்போல் காரல், வெறும் மணலில். அந்தப் பக்கம் ஒரு பூவரச மரத்தடியில் நான்கு பேர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் கோர்க்கிறார்கள். ஒரு வத்தையைக் குப்புறக் கவிழ்த்து அடியைச் சுரண்டுகிறார்கள். ஏலம் போடுகிற இடம் ஒன்று, அங்கே மட்டும் மணல் இறுகிக் கருத்துக் கிடக்கிறது. ஐஸ் உடைக்கிற இடம் ஒன்று. சாயங்காலம் கிழவர்கள் உட்கார்ந்து காற்றைப் பார்க்கிற கட்டை ஒன்று. எந்த இடத்துக்கும் வேலி இல்லை, பலகை இல்லை. ஆனால் எந்த இடம் எதற்கு என்று நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரிகிறது. நெத்திலி விரித்த இடத்தில் ஒரு குழந்தை ஓடவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனது.

எங்கள் ஊர்க் களத்தில் அப்படித்தான் நடப்போம். சாணி மெழுகிய களத்தில் சோளமோ ராகியோ கொட்டிக் கிடந்தால் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் ஊர்ப்பொதுக் களம் ஒன்று இருந்தது. அடிப்பது, தூற்றுவது, காயவைப்பது, அளப்பது, அளந்ததில் கூலி கொடுப்பது, ராத்திரி காவலுக்குப் படுப்பது எல்லாம் அங்கேதான். பட்டா யார் பேரில் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அந்த இடத்தில் கல் நட்டுச் சைட் போட்டு விற்றாயிற்று. எங்கள் ஆட்கள் சோளக்கதிரைத் தார் ரோட்டில் கொட்டி, போகிற வருகிற லாரியை நம்பி அடிக்கிறார்கள். களம் போன பிறகு விவசாயம் நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலையும் ஒரு படி சிரமமாகி, ஒரு படி செலவாகிப் போனது. அந்தக் கரையில் நின்றபோது எனக்கு இதுதான் மனசில் ஓடியது. நாம் ஊருக்கு வந்து அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுக்கிற வெறும் மணல், அவர்களுடைய களம். அது வெறுமையாகக் கிடப்பது சும்மா கிடப்பதால் இல்லை. அடுத்த வேலைக்காகக் காத்துக் கிடக்கிறது.

மத்தியானம் ஊரே அடங்கிவிட்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஊரின் அமைதி என்று எல்லாரும் சொல்வார்களே, அது இந்த நேரத்து அமைதி. ராத்திரி முழுக்க விழித்தவர்கள் தூங்குகிற நேரம். அக்கா என்னையும் குரலைத் தாழ்த்திப் பேசச் சொன்னார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவர் மறுபடி மூன்று மணிக்கு வலை எடுத்துக்கொண்டு போக வேண்டியவர்.

கடலும் அடங்கித்தான் கிடந்தது. ஆடியில் கடல் கொந்தளிக்கும் என்று நினைத்துப் போன எனக்கு அதிசயமாக இருந்தது. தாத்தாதான் விளக்கினார். எங்களுக்கு ஆடிக்காற்று என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து அடிக்கிற காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுவது அதில்தான். அங்கேயும் இந்த மாதங்களில் மேற்கேயிருந்துதான் காற்று, கச்சான் என்கிறார்கள். அது தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் இந்தக் கரையோரத்தில் அலை எழும்ப வழியில்லை. இதே நாளில் பாம்பனுக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் கடல் பொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் நிலைமை அப்படியே மாறி, இங்கே பொங்கும், அங்கே அடங்கும். புளியம்பட்டியில் எங்கள் ஓட்டைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று இங்கே கடலைப் படுக்கவைக்கிறது என்பதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்துபோனது.

அந்த ஊர் இன்னும் சின்னதாக இருப்பதற்கு, கடலடியை வாரி இழுக்கிற இழுவைமடி வலைகளோடு வரும் விசைப்படகுகள் அங்கே வர முடியாததும் ஒரு காரணம். தண்ணீர் ஆழமில்லை. அதோடு சட்டமும் இருக்கிறது: தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983. கரையிலிருந்து முதல் மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று அப்போதே அதில் ஒதுக்கியிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ராமேசுவரம் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் வெகுகாலமாக இருக்கிறது. இரண்டு தரப்பும் கடலில் அடித்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு அது. இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று தாத்தாவிடம் கேட்டேன். ராத்திரியில் யார் எங்கே இழுக்கிறார்கள் என்று வலை அறுந்து வரும்போதுதான் தெரியும் என்றார். அவர்களுடைய நண்டு வலை இழுவைமடியில் மாட்டினால் முழுதாகத் திரும்பி வராது.

ஆவுளியா பற்றியும் சொன்னார். கடல் பசு. இந்தக் கடலின் அடியில் புல்வெளி உண்டு. அதைத்தான் அது மேயும். ஓரா மீனுக்கும் அந்தப் புல்தான் தீனி. ஒரு தடவை இவர்கள் வலையில் ஆவுளியாக் குட்டி ஒன்று சிக்கிவிட்டது. மூச்சுக்கு மேலே வர வேண்டிய பிராணி அது, நேரம் போனால் செத்துப்போகும் என்று வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். இதற்கு வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. நாட்டிலேயே கடல் பசுவுக்கென்று முதல் பாதுகாப்பகம். புல் இருக்கிற கடல் என்றால் மீனும் இருக்கும் என்று தாத்தா ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

சாப்பாடு. ஓரா மீன் குழம்பு. ஓரா முள் குத்தினால் கை விண்ணென்று தெறிக்குமாம். அக்கா துடுப்பு முள்ளையெல்லாம் கத்திரியால் நறுக்கிவிட்டுத்தான் மீனைக் கையிலேயே எடுத்தார். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், புளி கொஞ்சம் தூக்கலாக, கிளிமூக்கு மாங்காய் இரண்டு கீற்று. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புக்குக் கத்திரிக்காயும் மொச்சையும் போடுவோம் என்றேன். ராத்திரி என்னையே வைக்கச் சொன்னார். வைத்தேன். தாத்தா மொச்சையை மட்டும் தேடித் தேடிச் சாப்பிட்டார். அது போதும் எனக்கு.

இனி கருவாடு. மாமாவும் அக்காவும் விலை பேசியதை ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். மூன்று, நான்கு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு சந்தையில் விலை கேட்டு முகம் சுளிக்க எனக்கு வாய் வராது. பெரிய மீனைக் கீறிக் குடல் எடுத்து, உப்போடு அடுக்கித் தொட்டியில் ஊறவைத்து, பிறகு வெயிலில் போடுகிறார்கள். சின்ன மீனுக்கு அது தேவையில்லை. அலசி அப்படியே விரிப்பதுதான். வலை மேல் விரித்தது சுத்தமாக இருக்கும், நல்ல விலைக்குப் போகும். ஆனால் விரிக்க வலை வேண்டும், நேரத்துக்குத் திருப்பிவிட ஆள் வேண்டும். மொத்தமாக மீன் விழுகிற நாளில் இரண்டுக்கும் வழி இருக்காது, மணலில்தான் கொட்டியாக வேண்டும். மணலில் காய்வதில் ஒரு பங்கு கோழித்தீவனத்துக்காக நாமக்கல் பக்கம் போகிறது. இன்னொரு பங்குதான் நாம் சுடுதண்ணீரில் அலசுகிற மண் கருவாடு.

"மண்ணு இருக்குதுன்னு எங்க ஊர்ல கத்துறாங்கக்கா" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உலர்த்துற மேடை ஒண்ணு கட்டிக் குடுத்தா மண்ணு எங்கெருந்து வரும்? கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். ஒரு தூறல் போட்டால் அன்றைய மீன் முழுக்கப் போச்சு. மழை வருகிற அறிகுறி தெரிந்தால் ஊரே ஓடிவந்து, யார் மீன் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வாரிக் கூட்டுகிறது. மாமா வருடக்கணக்காக இவர்களுக்கு முன்பணம் கொடுத்து வாங்குகிறார். அதில் அவருக்கு லாபமும் இருக்கிறது, ஒரு பொறுப்பும் இருக்கிறது. வாடைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் அடுப்பு எரிவது அந்தப் பணத்தில்தான்.

சரி, ஊர் பெயரைச் சொல்லாததற்குக் காரணம்.

ஊருக்கு வடக்குக் கடைசியில், காரல் காயப்போடுகிற இடத்தை ஒட்டி, கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கிற பனந்தோப்பை வெளியூர் ஆள் ஒருவர் வாங்கியிருக்கிறார். தோப்பு அவருடையது, அதில் பேச்சில்லை. ஆனால் வேலி தோப்போடு நிற்கவில்லை, மணலுக்கு இறங்கி வந்திருக்கிறது. ரிசார்ட் வரப்போகிறது என்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டுக்காரர்கள் படகு ஏற்றுகிற இடம். இப்போது அவர்கள் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டது இது: "நீங்க நல்லவிதமாத்தான் எழுதுவீங்க. பேரு போட்டா அடுத்த வாரமே காரு வரும். அந்தாளுக்கு அதுதான் வேணும்."

2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைத் திரும்பி வந்த பிறகு படித்துப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமக் கரைகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் வந்து நிற்கிற கோட்டிலிருந்து, 200 மீட்டராக இருந்த கட்டடத் தடைப்பகுதியை 50 மீட்டராக்கிவிட்டார்கள். மற்ற கிராமங்களில் 200 மீட்டர் அப்படியே இருக்கிறது. மணலிலேயே சுற்றுலாவுக்காகத் தற்காலிகக் குடில்கள் போடவும் அதில் வழி விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல விஷயமும் உண்டு. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கிற இடங்களையும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. அதாவது களத்தைக் களம் என்று வரைபடத்தில் போட வேண்டும். எங்கள் ஊர்க் களத்துக்கு அப்படி ஒரு காகிதம் இருந்ததில்லை. இருந்திருந்தால் கல் நட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

யாரும் கடலோர ஊர்களுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. போக ஆசைப்படுகிறவர்களுக்கு அதே கரையில் காரங்காடு இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிற ஏற்பாட்டை வனத்துறை அந்த ஊர் மக்களைக் கொண்டே நடத்துகிறது. படகோட்டுகிறவரும் ஊர்க்காரர், சமைத்துப் போடுகிறவரும் ஊர்க்காரர். நீங்கள் கொடுக்கிற காசு அந்த ஊரிலேயே தங்கும். எங்கே போனாலும் மணலில் வலையோ மீனோ கிடந்தால் சுற்றிப் போங்கள். மத்தியானம் பாட்டுப் போடாதீர்கள். முற்றத்தில் நண்டு பிரிக்கிற பெண்களைப் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

அக்கா அடிக்கடி போன் பண்ணுகிறார். நான் படித்த அறிவிக்கையின் அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்துவிட்டிருந்தேன். ஊர்க்கூட்டம் போட்டு, தாசில்தாருக்கும் மீன்வளத்துறைக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எது காய்கிறது, எங்கே படகு ஏறுகிறது, எங்கே ஏலம் என்று கையாலேயே ஒரு படம் வரைந்து மனுவோடு வைத்திருக்கிறார்கள். வரைந்தது பத்தாவது படிக்கிற பேத்தி. சர்வேயர் அளக்க வருகிற தேதியை இன்னும் சொல்லவில்லை. அவர் வருகிற அன்றைக்கு ஒரு வத்தையும் கடலுக்குப் போகக்கூடாது, வீட்டுக்கு ஒரு ஆள் கரையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால் மாமாவும் நானும் போகிறோம்.